கண் கண்டதும் கணக்குக் கண்டதும்

ஒருவனுடைய தகுதியை மற்றொருவன் அளந்து கூறுதல் எளிய செயலன்று. நெல்லை அளப்பதற்கு மரக்கால் உண்டு. பொன்னை நிறுப்பதற்குத் தராசு உண்டு. பால்மரத்துப் பாலில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அறிவதற்கும் ஒரு மிதவைக் கருவி உண்டு. ஆனால், இருபது வயதுள்ள ஓர் இளைஞன் இன்னும் பத்தாண்டு கழித்து என்னவாக விளங்குவான் என்பதை அளப்பதற்கு எக்கருவி உளது? தந்தையரும், ஆசிரியரும், வேலை கொடுப்போரும், பெண் கொடுப்போரும் இவ்வேலையை நாள்தோறும் செய்துகொண்டே வருகின்றனர். தாம் அளந்தது சரியாயிற்றா, தவறாயிற்றா என்று பின்னொரு நாள் திரும்பிப் பார்ப்போரோ மிகச் சிலர்.

அவ்வாறு திரும்பிப் பார்த்தே தீரவேண்டிய கட்டாயத்திலுள்ள ஒரு கூட்டத்தார் அமெரிக்காவில் இருக்கின்றனர். பேஸ்பால் என்னும் பந்தாட்டத்துக்கு ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரரைப் பொறுக்கி எடுப்பவர்களே அவர்கள். அவர்கள் பொறுக்கிய ஒவ்வோர் இளைஞனும் பின்னர் என்ன ஆனான் என்பது உலகறிய ஏட்டில் ஏறிவிடுகிறது, மறைப்பதற்கு வழியில்லை. ஆகையால், மனிதனைக் கண்ணால் மதிப்பிடுவது நன்றா, கணக்கால் மதிப்பிடுவது நன்றா என்னும் பழைய வழக்குக்கு அங்கே கிடைப்பதுபோன்ற சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது.

"தோட்டத்துக் கிராணிக்கும் அமெரிக்கப் பந்தாட்டத்துக்கும் என்ன உறவு?" என்று நேயர்களுள் சிலர் நகைக்கக்கூடும். உறவு உண்டு. நான் பகல் முழுதும் பெயர்களுக்கு எதிரே எண்களை எழுதி வயிறு வளர்ப்பவன். அவ்வெண்களைப் பார்த்தே கூலி கொடுக்கப்படுகிறது. அவ்வெண்களைப் பார்த்தே மண்டோர் வேலைக்கு உரியவர் இன்னார், உரியரல்லர் இன்னார் என்று தீர்மானிக்கப்படுகிறது. எனவே எண் எங்கே மெய் பேசும், எங்கே பொய் பேசும் என்பது எனக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. மைக்கேல் லூயிஸ் என்னும் ஆசிரியர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மணிபால்' என்னும் ஆங்கில நூல், பட்டணத்துப் பழம்புத்தகக் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் ஓயவில்லை.

ஆட்டமும் தேர்வும்

இவ்வாட்டத்தை அறியாதார்க்குச் சில சொற்கள் கூறிவிடுகிறேன். நம் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் சாப்ட்பால் இதற்குத் தங்கை முறையாகும். ஒருவன் பந்தை வீசுவான். ஒருவன் உருண்டை மட்டையால் அடிப்பான். அடித்துவிட்டு ஓடி நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலியைக் கடந்து வெளியே விழுந்தால் அது ஹோம் ரன். நல்ல பந்தை மும்முறை தவறவிட்டால் அடிப்பவன் வெளியேற வேண்டும். வீசுபவன் எட்டாத பந்துகளை நான்கு முறை வீசினாலோ, அடிப்பவன் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். இதனை 'நடை' என்பர். பத்து முறை அடிக்கச் சென்று மூன்று முறை வெற்றியாக அடிப்பவன் தேர்ந்த ஆட்டக்காரன். நூற்றுக்கு 30 என்பதை அவர்கள் ஆயிரத்துக்கு 300 என்று கூறுவது வழக்கம்.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 500 முறை அடிக்கச் செல்பவன் 150 முறை வென்றால் 300 பெறுகிறான். 135 முறை வென்றால் 270 பெறுகிறான். முன்னவன் புகழ் பெறுவான். பின்னவனை ஊர் மறந்துவிடும். இருவருக்கும் இடையே உள்ள வேற்றுமை ஆறு மாதத்தில் பதினைந்தே அடிகள். நாள்தோறும் உட்கார்ந்து பார்ப்பவன் கண்ணுக்கும் இவ்வேற்றுமை புலப்படாது. ஏட்டைப் புரட்டினால்தான் புலப்படும்.

தேர்வின் முறை வருமாறு: 1965-ஆம் ஆண்டு முதல் பெருங்குழுக்கள் யாவும் ஆண்டுதோறும் கூடி, முறை வைத்து, இளைஞர்களைத் தம் குழுவுக்கென்று பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். முன்னாண்டில் தோற்ற குழுக்களுக்கு முன்னுரிமை உண்டு. 1965-இல் முதன்முதல் எடுக்கப்பட்டவர் ரிக் மண்டே என்பவர். அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தில் பந்தடித்தவர். பதினெட்டு வயதுப் பள்ளி மாணவரையும் எடுக்கலாம். நான்காண்டுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்தவரையும் எடுக்கலாம். பள்ளிச் சிறுவனிடத்தில் இருப்பது நம்பிக்கை. கல்லூரி இளைஞனிடத்தில் இருப்பது மூன்றாண்டுக் கணக்கு. வழக்கு முழுதும் இங்கேதான் தொடங்குகிறது.

கண்ணின் தீர்ப்பு

குழுக்களுக்காக ஊர் ஊராகச் சென்று இளைஞரைப் பார்த்து வருவோர்க்கு 'ஸ்கவுட்' என்று பெயர். இவர்கள் கடும் உழைப்பாளிகள். காரிலேயே உண்டு, சத்திரத்தில் உறங்கி, ஒரு மாணவனின் நான்கு அடிகளைப் பார்ப்பதற்கு நூற்றுக்கணக்கான மைல் செல்வர். அடிக்கும் திறன், அடியின் வலிமை, ஓட்டம், எறியும் கை, பந்தைத் தடுக்கும் திறன் என ஐந்து குணங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவர். 50 என்பது பெருங்குழு ஆட்டக்காரரின் நடுத்தரம். இவ்வைந்தையும் நிரம்பப் பெற்றவனை அவர்கள் ஏதோ அரிய மணியைக் கண்டாற்போல் போற்றுவர்.

இவர்களுடைய கண்ணை இகழ்தல் தகாது. மட்டையைச் சுழற்றும் முறையில் ஒரு குறை இருந்தால் கணக்கு அதனைக் காட்டாது, கண் காட்டும். கல்லூரியின் மெதுவான பந்துகளை விளாசித் தள்ளுபவன், விரைவான பந்து உள்பக்கம் வரும்போது கையை நேரத்தில் கொண்டுவர முடியாமல் தடுமாறுவதைப் பழகிய கண் ஒரே நொடியில் பிடித்துவிடும். ஆனால் கண்ணுக்கு ஒரு பெருங்குற்றம் உண்டு. அஃது அழகை நம்பிவிடும். அகன்ற தோளையும், உயர்ந்த உடலையும், மிடுக்கான நடையையும் கண்டு, "இவன் ஆட்டக்காரன்" என்று முடிவு கட்டிவிட்டுப் பிறகே அவன் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கும்.

இதற்குச் சான்று பில்லி பீன் என்பவர். 1980-ஆம் ஆண்டில் நியூயார்க் மெட்ஸ் குழுவினர் இவரைப் பள்ளியிலிருந்தே 23-ஆவது இடத்தில் எடுத்தனர். உயரம், வேகம், வலிமை எல்லாம் இவரிடம் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஆட்டத்துக்குச் சென்றார். விளைவு யாது? பெருங்குழுக்களில் அவர் ஆடியது 148 ஆட்டங்களே. பெற்ற சராசரி ஆயிரத்துக்கு 219. கண் கூறிய ஐந்து குணங்களும் பொய்யல்ல. ஆயினும் அவை ஒன்றுகூடி ஓர் ஆட்டக்காரனாகவில்லை. 1990-இல் அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, தம்மைத் தேர்ந்தெடுத்த அந்த ஸ்கவுட் தொழிலிலேயே சேர்ந்துகொண்டார். பின்னர் ஓக்லண்ட் குழுவின் தலைமை நிர்வாகியாகவும் ஆனார்.

கணக்கின் தீர்ப்பு

நிற்க. இவ்வழக்கில் கணக்கின் பக்கம் நின்று முதலில் வாதாடியவர் குழுக்களைச் சேர்ந்தவரல்லர். கான்சஸ் மாநிலத்தில் உணவுப்பொருளைத் தகரத்தில் அடைக்கும் ஆலையொன்றில் இரவுக் காவல் புரிந்த பில் ஜேம்ஸ் என்பார், விழித்திருந்த இரவுகளில் ஆட்டக் கணக்குகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, 1977-ஆம் ஆண்டில் தம் செலவிலேயே ஒரு சிறு நூல் அச்சிட்டார். வாங்கியவர் மிகச் சிலரே. அவர் சளைக்கவில்லை. பின்னாளில் அவர் தேர்வுக் கணக்குகளை ஆராய்ந்து, கல்லூரியிலிருந்து எடுக்கப்பட்டோர் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டோரைக் காட்டிலும் குழுக்களுக்கு மிகுந்த பயன் அளித்தனர் என்று காட்டினார். பதவியும் பட்டமும் இல்லாத ஒரு காவற்காரர் தொழிலின் மேதைகளுக்கு எதிரே நின்று, "ஐயா, ஏட்டைப் பாருங்கள்" என்று கூறியது எனக்குப் பெரும் ஊக்கம் அளிப்பதாகும். 2002-ஆம் ஆண்டின் முடிவில் பாஸ்டன் குழுவினர் அவரை ஆலோசகராக அழைத்துக்கொண்டனர்.

அதே 2002-இல் பில்லி பீனும், ஹார்வர்டில் பயின்ற பால் டிபொடெஸ்டாவும் ஓக்லண்டில் ஒரு துணிகரமான தேர்வை நடத்தினர். நியூயார்க்கின் செல்வக்குழு செலவிட்டதில் மூன்றிலொரு பங்களவே அவர்களிடம் பணம் இருந்தது. ஆகவே பிறர் விலைபேசாத பொருளை அவர்கள் தேடவேண்டியதாயிற்று. கல்லூரியில் அடிக்கடி 'நடை' பெற்றவர்கள், வெளியேறாமல் தளத்தை அடைந்தவர்கள், கண்ட பந்துக்கெல்லாம் மட்டையை வீசாதவர்கள் ஆகியோரையே பெரிதும் நாடினர். பொறுமையைக் கற்பித்தல் அரிது. அஃது ஒருவனிடம் முன்னமே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

அவர்கள் எடுத்தோருள் அலபாமா பல்கலைக்கழகத்து ஜெரமி பிரௌன் ஒருவர். உடல் பருத்தவர், ஸ்கவுட்டுகள் பட்டியலில் பொருட்படுத்தப்படாதவர். அவரை 35-ஆவது இடத்தில் எடுத்தபோது பலரும் நகைத்தனர். ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்து நிக் ஸ்விஷரை 16-ஆவது இடத்தில் எடுத்தனர்.

முடிவு என்னவாயிற்று? ஸ்விஷர் பன்னிரண்டு பருவங்கள் ஆடி 245 ஹோம் ரன்கள் அடித்தார். 2009-இல் வெற்றிக் கோப்பை பெற்ற குழுவில் இருந்தார். பிரௌனோ 2006-இல் ஐந்தே ஆட்டங்களில் ஆடினார். பத்து முறை அடிக்கச் சென்று மூன்று முறை வென்றார். 2008-இன் தொடக்கத்தில் ஆட்டத்தை விட்டு விலகினார். கணக்கு ஒருவரிடம் வென்றது. மற்றொருவரிடம் வென்றது என்றும் கூற முடியாது, தோற்றது என்றும் கூற முடியாது. முப்பத்தைந்தாம் இடத்தில் எடுக்கப்படுவோருள் பெருங்குழுவின் வாயிலையே மிதிக்காதவர் பலர் உளர் அன்றோ?

இனி ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. பிரௌனுக்கு ஒன்பது இடம் தள்ளி, 44-ஆவது இடத்தில், கானடா நாட்டுப் பள்ளி மாணவர் ஒருவரைச் சின்சினாட்டி குழுவினர் எடுத்தனர். அவர் பெயர் ஜோயி வோட்டோ. பின்னாளில் இவ்வாட்டத்தில் 'நடை' பெறுவதிலும் தளத்தை அடைவதிலும் இவருக்கு நிகரானவர் சிலரே என்று பெயர் எடுத்தார்; 2010-இல் தம் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதும் பெற்றார். ஓக்லண்டினர் எக்குணத்தைத் தேடி அலைந்தனரோ, அக்குணம் அவர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவைத்த கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. 'உடல் அழகன்' என்பதை ஒரு குலமாக்கியது கண்ணின் பிழை. 'கல்லூரி மாணவன்' என்பதை ஒரு குலமாக்குவதும் அதே பிழையே. கூட்டத்தைப் பற்றிய உண்மையை ஆளின்மேல் தீர்ப்பாக எழுதுதல் ஆகாது.

எண் எங்கே பிறந்தது?

எண் பொய் சொல்லாது என்பர். எண் பொய் சொல்லாது. ஆனால் பாதி சொல்லிவிட்டு நின்றுவிடும். மற்றப் பாதியைக் கேட்டு வாங்குதல் கணக்கன் கடமை. கல்லூரி மாணவன் ஒருவன் ஆயிரத்துக்கு 380 அடித்தான் என்றால், தேர்ந்த குழுவினர் உடனே சில கேள்விகளை எழுப்புகின்றனர்.

முதற் கேள்வி: எந்த மட்டையால்? தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டைக்கே இடமுண்டு. கல்லூரிகளிலோ 1974-ஆம் ஆண்டு முதல் உலோக மட்டைக்கு இடம் கொடுத்தனர். மர மட்டையில் பந்து பிடியருகே பட்டால் மட்டை முறியும், கை அதிரும். உலோக மட்டையிலோ அதே பந்து எகிறிச் சென்று விழுந்து வெற்றி அடியாகிவிடும். 2011-இல் விதி கடுமையாக்கப்பட்டு மட்டையின் துள்ளல் குறைக்கப்பட்டதும், கல்லூரிகளில் ஹோம் ரன்கள் பெரிதும் குறைந்தன. ஆகையால் 2013-இல் சான் டியேகோ பல்கலைக்கழகத்துக் கிரிஸ் பிரையன்ட் 31 ஹோம் ரன்கள் அடித்தபோது, அவ்வெண்ணின் மதிப்பு முன்னிலும் உயர்ந்தது. கல்லூரிக் குழுக்கள் பல, குழு முழுதும் சேர்ந்தும் அவ்வளவு அடிக்கவில்லை. சிகாகோ கப்ஸ் குழுவினர் அவரை இரண்டாவது இடத்தில் எடுத்தனர். 2016-இல் அவர் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். அக்குழுவும் 108 ஆண்டுகளுக்குப் பின் வெற்றிக் கோப்பையைத் தூக்கியது.

இரண்டாம் கேள்வி: யாருக்கு எதிராக? கல்லூரிகள் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாளும் தொடராக ஆடும். வெள்ளிக்கிழமையன்று தம் மிகச் சிறந்த பந்து வீச்சாளனை இறக்குவது வழக்கம். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் பெரும்பாலும் பின்வரிசை வீச்சாளர்களே இறங்குவர். வெள்ளிக்கிழமை அடித்த 300 வேறு. செவ்வாய்க்கிழமை அடித்த 300 வேறு. இரண்டும் கூடி ஓர் எண்ணாகிவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

மூன்றாம் கேள்வி: எந்த நிலத்தில்? நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஆடுகளம் கடல் மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிது. பந்து தொலைவு செல்லும்.

நான்காம் கேள்வி: எத்தனை முறை? கல்லூரிப் பருவத்தில் முறையான ஆட்டங்கள் 56-க்கு மேற்படுவதில்லை. ஒருவன் 200 முறை அடிக்கச் சென்றால், 60 வெற்றி 300 ஆகும். 70 வெற்றி 350 ஆகும். இடையிலுள்ள பத்து அடிகளில் எத்தனை, தடுப்பவன் கைக்குச் சற்று எட்டாமற் போன நல்வாய்ப்போ, யார் அறிவர்? இதனால்தான் தேர்ந்தவர்கள் சராசரியை விட்டு, ஒருவன் எத்தனை முறை பந்தைத் தவறவிட்டு வெளியேறினான், எத்தனை முறை 'நடை' பெற்றான் என்பவற்றை முதலிற் பார்க்கின்றனர். அவை தடுப்பவரின் கையையோ, புல்தரையையோ சார்ந்தவையல்ல. அடிப்பவனையே பெரிதும் சார்ந்தவை.

இத்தனை ஐயங்களுக்கும் விடை காண, கேப் காட் என்னும் மாசசூசெட்ஸ் கடற்கரைப் பகுதியில் ஒரு கோடைக்காலப் போட்டி நடைபெறுகிறது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீச்சாளரும் அடிப்போரும் அங்கே கூடுவர். 1985 முதல் மர மட்டையால்தான் ஆடுகின்றனர். அங்கே எல்லார்க்கும் ஒரே மட்டை, ஒரே காற்று. அங்கே ஒருவன் பெறும் எண்ணைக் குழுக்கள் உற்றுப் பார்ப்பதில் வியப்பில்லை.

இப்பகுதியைப் படித்தபோது எனக்குப் பால்மரக் காடு நினைவுக்கு வந்தது. எந்தையார் முப்பது ஆண்டு மரம் வெட்டியவர். பட்டை தேய்ந்த கிழமரங்கள் நின்ற மேட்டு நிரை அவருக்கு வாய்த்தது. பக்கத்து நிரைக்காரருக்கு இளம் ஒட்டுமரங்கள் வாய்த்தன. இருவரும் ஒரே பெரட்டில் நின்றனர். ஒரே இருளில் வெட்டினர். ஒரே வெயிலில் பால் சுமந்தனர். நிறுவையில் பக்கத்துக்காரர் வாளியே கனத்தது. ஏட்டில் எழுதப்பட்டது வாளியின் கனம். மரத்தின் வயது எழுதப்படவில்லை. இன்று நான் வேலை பார்ப்பது செம்பனைத் தோட்டம். குட்டை மரத்தில் குலை வெட்டுவோனும், நெடுமரத்தின் கீழே அண்ணாந்து நின்று நீண்ட கழியில் பூட்டிய அரிவாளை இழுப்போனும் என் ஏட்டில் ஒரே பத்தியில் நிற்கின்றனர். ஆதலின் எண்ணுக்குப் பக்கத்தில் காட்டு எண்ணையும், மரத்தின் வயதையும், மழை நாளையும் குறித்து வைப்பது என் வழக்கம். ஏட்டில் அதற்கென்று கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.

இரண்டும் தோற்ற இடம்

கண்ணும் கணக்கும் ஒத்துப்போனால் முடிவு உறுதியோ எனின், அதுவும் அன்று. 2009-ஆம் ஆண்டுத் தேர்வில், வட கரோலினாப் பல்கலைக்கழகத்து டஸ்டின் ஆக்லி என்பவரைச் சியாட்டில் குழுவினர் இரண்டாவது இடத்தில் எடுத்தனர். கல்லூரியில் மூன்றாண்டும் 400-க்கு மேல் அடித்தவர்; ஸ்கவுட்டுகளும் புகழ்ந்தனர். பெருங்குழுவில் அவர் பெற்ற வாழ்நாள் சராசரி 241. அதே தேர்வில், பந்தாட்டத்தில் பெரும்பெயர் பெறாத டெக்ஸாஸ் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து பால் கோல்ட்ஷ்மிட் என்பவர் 246-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டார். 2022-இல் தம் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் இவர்.

பொறுமையின் பயனுக்கு டஸ்டின் பெட்ரோயா சான்றாவார். அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தில் நன்றாக ஆடியும், உருவத்தில் சிறியவர் என்பதால் 2004-இல் 65-ஆவது இடம் வரை காத்திருந்தார். பாஸ்டன் குழுவினர் எடுத்தனர். 2006-இல் முதன்முதல் இறங்கியபோது சராசரி 191. 2007 ஏப்ரல் மாதத்தில் 182. "சிறியவன், முடியாது என்று அன்றே சொன்னோமே!" என்று கூற எத்தனை பேருக்கு நா துடித்திருக்கும்! குழுவினர் அவரை நீக்கவில்லை. அவ்வாண்டு முடிவில் 317 அடித்துப் புதியோர் விருது பெற்றார். மறு ஆண்டில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். ஒரு மாதக் கணக்கைக் கொண்டு ஒருவன் வாழ்வை மூடிவிடாமைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சான்று ஜாக்கி ராபின்சனே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் கல்லூரியில் நான்கு வகை ஆட்டங்களில் சிறந்தவர் அவர். அங்கே 1940-இல் அவர் ஒரே ஒரு பருவம் பேஸ்பால் ஆடினார். பெற்ற சராசரி என்ன? ஆயிரத்துக்கு 97. பத்து முறைக்கு ஒருமுறைகூட நிறையவில்லை. கல்லூரிக் கணக்கை மட்டும் பார்ப்பவன் அவர் பெயரை அப்பொழுதே அடித்துவிடுவான்.

கண்ணின் நிலையோ அதனினும் இழிந்தது. ஏறக்குறைய அறுபது ஆண்டு, கறுப்பு நிறத்தார் எவரையும் பெருங்குழுக்கள் சேர்க்கவில்லை. நாடு முழுதும் சுற்றிய அத்தனை ஸ்கவுட்டுகளின் கூரிய கண்களும், பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பேராற்றல் படைத்தோரைக் 'காணவில்லை'. கண் குருடானது அன்று. வழக்கம் கண்ணைக் கட்டியிருந்தது. பிறப்பைப் பார்த்து மனிதனை எடைபோடும் நாட்டிலிருந்து வந்த நமக்கு இந்நோய் புதியதன்று, பெயர்தான் வேறு.

1945-இல் புரூக்லின் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரைத் தேர்ந்தெடுத்தார். எவ்வாறு? கறுப்பர் குழுவான கான்சஸ் சிட்டி மானார்க்ஸில் அவர் ஆடியதை அறிந்தார். ஆள் அனுப்பிப் பார்த்தார். நேரில் அழைத்து அவர் உள்ளத்தின் உறுதியையும் ஆராய்ந்தார். பின்னர் 1946-இல் மாண்ட்ரியல் குழுவில் ஓர் ஆண்டு ஆடவிட்டார். அங்கே ராபின்சன் 349 அடித்து அந்த லீகில் முதலிடம் பெற்றார். 1947-இல் புரூக்லினில் இறங்கினார். முதல் ஆண்டிலேயே புதியோர் விருது. 1949-இல் 342 அடித்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1997-இல் அவருடைய 42 என்னும் எண், எல்லாக் குழுக்களிலும், இனி எவர்க்கும் இல்லை என்று ஓய்வு பெற்றது. 97 என்ற எண்ணும் மெய்தான். 342 என்ற எண்ணும் மெய்தான். இடையில் நேர்ந்தது, அவர் ஆடுவதற்கு ஒரு களம் கிடைத்தது என்பதே.

வாயில் அகலமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு மைக் பியாசா ஒருவரே போதும். 1988-இல் அவர் எடுக்கப்பட்டது 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது பெயர். அதுவும் தந்தையாரின் நண்பர் ஒருவர் வேண்டியதால் நிகழ்ந்தது. 427 ஹோம் ரன்கள் அடித்து, 2016-இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். 2021 முதல் தேர்வு இருபது சுற்றோடு நின்றுவிடுகிறது. இன்று அளவுக் கருவிகள் மிகுந்துவிட்டன. பந்து மட்டையை விட்டுப் பிரியும் வேகத்தையும் ராடார் கருவி குறித்துவிடுகிறது. ஒவ்வொரு குழுவிலும் ஸ்கவுட்டும் கணக்கரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். அளவை கூர்மையாயிற்று என்பது நன்று. ஆனால் அளவை கூர்மையாயிற்று என்று சொல்லி வாயிலைக் குறுக்கும்போது, வெளியே நிற்கும் பியாசா எத்தனை பேர் என்பதை எந்தக் கருவியும் அளந்து கூறாது.

நமக்கு

நேயர்களே! நம்மிடையே பேஸ்பால் ஆடுவோர் மிகச் சிலர். ஆனால் தேர்வு நடவாத நாள் ஏது? எங்கள் தோட்டத்து இளைஞன் ஒருவன் கால்பந்துக் குழுவொன்றின் தேர்வுக்குச் சென்றான். தேர்வாளர் அவனை நிறுத்தி உயரம் கேட்டார். எந்த ஊர் என்று கேட்டார். தோட்டம் என்றதும் ஓரமாக நிற்கச் சொன்னார். மாலை வரை நின்றான். பந்து அவன் காலுக்கு வரவேயில்லை. அவன் வல்லவனா, அல்லனா என்பதை நான் கூறவில்லை. அவன் அளக்கப்படவே இல்லை என்பதைத்தான் கூறுகிறேன். அளந்து தள்ளப்பட்டவனுக்கு ஒரு பாடம் கிடைக்கும். அளக்காமல் தள்ளப்பட்டவனுக்குக் கசப்பு ஒன்றே கிடைக்கும். அக்கசப்போடு வீடு திரும்பும் பிள்ளைகள் நம் லயங்களிலும் அடுக்குமாடிகளிலும் எத்தனை பேர்!

ஆசிரியராயினும், மானேஜராயினும், சங்கத் தலைவராயினும், பெற்றோராயினும், ஓர் இளைஞன் பெயருக்கு எதிரே தீர்ப்பு எழுதுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவன் செய்தது என்ன? எந்நிலையில் செய்தான்? எத்தனை முறை பார்த்தோம்? ஆடுவதற்கு இவனுக்குக் களம் கொடுத்தோமா? முதல் கேள்விக்கு விடை ஏட்டில் உண்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் விடையை உழைத்துத் தேடவேண்டும். நான்காவதற்கு விடை நம் மனச்சான்றில் உண்டு.

படித்த இளைஞர்களுக்கும் ஒரு சொல். பில் ஜேம்ஸைப்போல் எழுதிவையுங்கள். உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் ஓட்டத்தையும், தேர்ச்சியையும், உழைப்பையும் நாள் குறித்து எழுதிவையுங்கள். "எங்கள் பிள்ளை கெட்டிக்காரன்" என்று சொல்வோரின் சொல் காற்றோடு போகும். "இன்ன நாளில், இன்ன நிலையில், இன்னதைச் செய்தான்" என்று எழுதிய ஏட்டை எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது. நமக்காக அதைப் பிறர் எழுதுவார் என்று காத்திருத்தல் வேண்டா. பென்சிலும் தாளும் நம் கையிலேயே இருக்கின்றன.